பாக்கம் இரண்டு, அங்காடி ஒன்று



இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் மாநகராட்சியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கவிஞர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் சென்னை மாநகராட்சி தன் மாமன்றத்திற்கு உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பகுதியையும் ‘வட்டம்’ என்றே அழைக்கிறது. ஈண்டுக் கூடியுள்ள வட்டத்தில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிவர். ஒருவர் ஒரு கூட்டத்திற்கு வாராவிடில் ஏன் வரவில்லை என்று மற்றவர் கேட்பர். மாநகராட்சியின் வட்டத்திலோ சராசரியாக முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். தம் வட்டத்தின் எண்ணையே அறியாதார் அவருள் பலர். பெருநகரைச் சிறு நகராட்சிகளாகப் பகுக்கலாமா என்னும் வினா இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை இரண்டு பாக்கங்களாகக் காட்டுகிறது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கையும் வேற்று நாட்டு வணிகர் குடியிருப்பும் உள்ளன. வண்ணமும் சுண்ணமும் விற்போர், நெய்வோர், மீனும் உப்பும் வெற்றிலையும் விற்போர், கொல்லர், தச்சர், பொற்கொல்லர், துணி தைப்போர் எனக் கைத்தொழிலாளர் நிறைந்த பகுதி அது. பட்டினப்பாக்கத்திலோ அரச வீதி, தேர் வீதி, பெருங்குடி வணிகர் மாடங்கள், அந்தணர் இருக்கை, மருத்துவரும் கணியரும் வாழும் தெருக்கள். உழவரும் பிறரும் அங்கே உண்டு என்றாலும் பெரும்போக்கு இதுவே. இரண்டிற்கும் இடையே, மரங்கள் அடர்ந்த நிலத்தில், நாளங்காடி. அங்கிருந்த பூதத்திற்கு இரு பாக்கத்து வீரரும் பலியிட்டனர்.

இதனைக் கொண்டு பழந்தமிழர் நகரை இரண்டாகப் பிரித்து ஆண்டனர் என்று கூறுதல் பிழையாகும். அத்தகைய பெருமிதப் பேச்சுகளுக்குத் தமிழ் மேடைகளில் என்றும் குறைவில்லை. இளங்கோ காட்டுவது குடியிருப்பின் பிரிவையே. நகரம் தானாகப் பிரியுமிடத்து எவ்வழியில் பிரியும் என்பது மட்டும் அதனால் தெளிவாகிறது: உழைப்போர் ஒரு புறம், உடையோர் ஒரு புறம். நகரைப் பகுக்க வேண்டும் என்ற வழக்கு இந்நாளில் எழும் இடங்களிலும் இந்தக் கோடு பெரும்பாலும் தென்படுகிறது. அவ்விடங்களில் தேட வேண்டியது நடுவே உள்ள அங்காடியை, அதாவது இரு சாராருக்கும் பொதுவாக எது எஞ்சுகிறது என்பதை.

சென்னை மாநகராட்சி 1687ஆம் ஆண்டின் பட்டயத்தால் தோன்றி, 1688 செப்டம்பரில் செயற்படத் தொடங்கியது. அதன் நெடிய வாழ்வில் மிகப் பெரிய மாற்றம் 2011இல் நேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 426 ஆயிற்று. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர், மதுரவாயல், வளசரவாக்கம், ஆலந்தூர், உள்ளகரம்-புழுதிவாக்கம் என்னும் 9 நகராட்சிகளும், 8 பேரூராட்சிகளும், 25 ஊராட்சிகளும், ஆக 42 உள்ளாட்சி மன்றங்கள் மறைந்தன. திருவொற்றியூர் தேவாரப் பாடல் பெற்ற தலம். சென்னை என்ற பெயர் வழக்கிற்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஊராக விளங்கிய ஊர், 1ஆம் மண்டலம் ஆயிற்று.

வட்டங்களின் எண்ணிக்கை 155இலிருந்து 200 ஆக உயர்ந்தது. உயர்வாகத் தோன்றும் இதனுள் ஒரு குறைவு மறைந்திருந்தது. புதிய பகுதிகளுக்கு 93 வட்டங்கள் ஒதுக்கப்பட, பழைய நகருக்கு எஞ்சியவை 107. 2011 கணக்கெடுப்பின்படி பழைய நகரின் மக்கள்தொகை 46.46 லட்சம். ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒருவராக இருந்த உறுப்பினர் 43,000 பேருக்கு ஒருவரானார். புதிய பகுதியினர் தம் மன்றத்தை இழந்தனர். பழைய பகுதியினரோ தம் உறுப்பினரை எளிதில் அணுகும் வாய்ப்பில் ஒரு பங்கை இழந்தனர். இழந்தவர் இரு பக்கத்திலும் இருக்க, பெற்றவர் யார் என்று கேட்பது முறையே.

மறைந்த ஒன்பது நகராட்சிகளுள் ஆலந்தூரின் வரலாறு விரிவாகச் சொல்லத்தக்கது. பரங்கிமலையை அடுத்த அச்சிறு நகராட்சியில் 1990களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி; அது நிரம்பினால் லாரி. மழைக்காலத்தில் தொட்டி நீரும் தெரு நீரும் ஒன்றாகும். சென்னையைச் சுற்றிய எல்லாப் புறநகர்களின் நிலையும் அன்று இதுவே. ஆர். எஸ். பாரதி தலைவராக இருந்த நகர்மன்றம், அரசின் நிதிக்காகக் காத்திராமல், பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றை மக்களின் முன் வைத்தது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்றது. அக்காலத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்றிற்கு ஐயாயிரம் ரூபாய் சிறு தொகையன்று. ஒரு குழாய்கூடப் புதைக்கப்படாத நிலையில், கண்ணால் காணாத ஒன்றிற்காகப் பணம் கேட்கப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகச் சென்று பேசின. மக்கள் பணம் செலுத்தினர். எஞ்சிய தொகை கடனாகவும் மானியமாகவும் திரட்டப்பட்டது; சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கினர்; பணி 2000இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. இந்திய நகராட்சி ஆய்வுகளில் ஆலந்தூர் இன்றளவும் ஓர் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

இது ஏன் ஆலந்தூரில் இயன்றது? பணம் கேட்டவர் யார் என்பது செலுத்தியவருக்குத் தெரியும். திட்டம் நின்றுபோனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியும். அரைக் கோடி மக்கள் வாழும் நகரின் மேயர் தெருத்தெருவாகச் சென்று ஐயாயிரம் ரூபாய் கேட்பதை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சிற்றாட்சியின் உண்மையான வலிமை சிக்கனத்திலோ விரைவிலோ இல்லை. கேட்பவரும் கொடுப்பவரும் மீண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்னும் நிலையில்தான் அது இருக்கிறது.

இதனோடு நிறுத்திவிட்டால் வழக்கு எளிதாக முடிந்துவிடும்: பெருநகரைப் பகுத்துப் பல ஆலந்தூர்களை ஆக்குக என்று தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் ஆலந்தூரின் கழிவுநீர் எங்கே சென்றது? அச்சுத்திகரிப்பு நிலையம் ஆலந்தூர் எல்லைக்குள் அமையவில்லை, பெருங்குடியில் அமைந்தது. பெருங்குடி அன்று தனிப் பேரூராட்சி. சுத்திகரிப்பு நிலையமாவது தீங்கற்றது எனலாம். அதே பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீது, சென்னை மாநகராட்சி 1980கள் முதல் தன் குப்பையைக் கொட்டி வந்தது. குப்பைமேடு 200 ஏக்கருக்கு மேல் பரந்தது. அப்புகையைச் சுவாசித்தோர்க்குச் சென்னை மாமன்றத் தேர்தலில் வாக்கில்லை. 2011க்கு முன் எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்தில் குப்பையை உண்டாக்குவோரும், மறுபக்கத்தில் அதனோடு வாழ்வோரும் இருந்தனர். சதுப்பு நிலம் பெரிதும் சுருங்கியது. 2022இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது, எஞ்சிய பகுதிக்கே அப்பெருமை வாய்த்தது.

குப்பை மட்டும் எல்லை கடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசையில் வாழ்ந்தோர் பெயர்க்கப்பட்டு, நகரின் எல்லைக்கு அப்பால் அன்று இருந்த ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர். அக்குடியிருப்பின் பெயர் கண்ணகி நகர். புகாரிலிருந்து புறப்பட்டு அயலூரில் நீதி கேட்ட ஒருத்தியின் பெயரை அவ்விடத்திற்கு இட்டவர், பொருத்தத்தை எண்ணி இட்டாரோ, எண்ணாமலே இட்டாரோ! வேலை சென்னையில், வீடு சென்னைக்கு வெளியில். பள்ளியும் மருத்துவமனையும் சிற்றூராட்சியின் பொறுப்பெல்லைக்குள். அதன் வருவாயோ ஆயிரக்கணக்கான புதுக் குடும்பங்களைத் தாங்கத்தக்கதன்று. 2011இல் கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் வந்தது. அதன்பின் குடியமர்த்தம் மேலும் தெற்கே, மாநகராட்சிக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்திற்கு நகர்ந்தது. எல்லைக்கோடு என்பது வேண்டாதவற்றை அப்பால் தள்ளுவதற்கும் பயன்படும் என்பதைப் பகுப்பை வேண்டுவோர் மறத்தல் கூடாது.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் சென்னையைப் பற்றிப் பேச இயலாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளும், 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணமும், 1996 முதல் கிருஷ்ணை ஆறும் இந்நகரின் தாகத்தைத் தீர்க்கின்றன. 2019இல் ஏரிகள் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் பெருகி மணப்பாக்கத்தையும் சைதாப்பேட்டையையும் ஒருங்கே மூழ்கடித்தது. வறட்சியும் வெள்ளமும் எந்த நகராட்சியின் எல்லையையும் கேட்டு வரவில்லை. நிலத்தை மலை, காடு, வயல், கடல் எனத் திணை வகுத்தோர் நீரின் வழியையே நோக்கினர் என்பது கவிஞர்க்குக் கூற வேண்டுவதன்று.

பகுத்துப் பார்த்த நகரம் ஒன்றும் இந்தியாவில் உண்டு. 1958இல் அமைந்த தில்லி மாநகராட்சி 2012இல் வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 272 வட்டங்களுள் வடக்கிற்கு 104, தெற்கிற்கு 104, கிழக்கிற்கு 64. ஆட்சி மக்களை நெருங்கும் என்பதே கூறப்பட்ட காரணம். எண்ணிக்கையில் பகுப்பு நேர்மையாகவே தோன்றியது. ஆனால் தென் தில்லியில் செல்வர் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் இருந்தன. சொத்து வரி பெருகியது. யமுனைக்குக் கிழக்கே நெருக்கமான, பெரிதும் ஒப்புதல் பெறாத குடியிருப்புகள்; அங்கே வரி குறைவு, வாரவேண்டிய குப்பையோ குறைவில்லை. துப்புரவுத் தொழிலாளரின் ஊதியம் மாதக்கணக்கில் தவறியது. 2015இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கிழக்குத் தில்லியின் தெருக்களில் குப்பை மலைபோற் குவிந்தது. 2020இல் வடக்கு மாநகராட்சியின் மருத்துவமனை மருத்துவர்களும் ஊதியத்திற்காகப் போராட நேர்ந்தது. 2022 மே மாதத்தில் மூன்றும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. வட்டங்கள் 250 ஆயின. பிரித்தபோதும் சேர்த்தபோதும் தில்லி மக்களிடம் வாக்கெடுப்பு இல்லை.

தில்லியில் தோற்றது சிற்றாட்சி என்னும் கொள்கை என்று கூறுவோர் உளர். அக்கூற்று பொருந்தவில்லை. அங்கே நிலத்தோடு சேர்த்துப் பணப்பையும் அறுக்கப்பட்டது. அறுத்த துண்டுகள் சமமாக இல்லை. மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் தனித்தனியே நின்றன. நடுவே நாளங்காடி இல்லாமற் போயிற்று.

மக்களைக் கேட்ட நகரம் லாஸ் ஏஞ்சலீஸ். அதன் வடபகுதியான சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு 1915இல் தானாக விரும்பி நகரோடு இணைந்தது. 1913இல் தொலைமலை ஆற்றிலிருந்து கால்வாய் வழியே நகருக்கு நீர் வந்திருந்தது. நகரோடு சேர்ந்தால்தான் அந்நீர் கிடைக்கும். பல ஆண்டுகள் கழித்து, வரி நகர்மையத்திற்குப் போகிறது, பணி தமக்கு வரவில்லை என்ற குறை வளர்ந்து, 2002 நவம்பரில் பிரிவினை வாக்கெடுப்புக்கு வந்தது. பள்ளத்தாக்கில் மிகச் சிறு பெரும்பான்மையினர் பிரிவை விரும்பினர். நகர் முழுவதையும் எண்ணியபோது பெரும்பாலோர் மறுத்தனர். இருவரும் ஒப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிரிவு நிகழவில்லை. விட்டுப்போவோரை மட்டும் கேட்பதா, விடப்படுவோரையும் கேட்பதா என்ற அந்த வினா குடும்பச் சொத்துப் பிரிவினையைக் கண்டவர்க்குப் புதிதன்று. மறுபுறம் லண்டனில் 1986இல் பெருநகர மன்றமே கலைக்கப்பட்டு, 32 வட்டார மன்றங்களும் பழைய நகர மன்றமும் மட்டும் எஞ்சின. பதினான்கு ஆண்டுகள் அம்மாநகருக்கு முழுமைக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. பின்னர் மக்களைக் கேட்டு, 2000இல் மேயரும் பேரவையும் மீண்டும் அமைந்தன; வட்டார மன்றங்களும் தொடர்ந்தன. இரண்டு அடுக்கும் வேண்டும் என்பதை லண்டன் இழந்து கற்றது.

அண்மையில் பெங்களூர் இவ்வழியில் அடியெடுத்து வைத்துள்ளது. 2007இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் 110 சிற்றூர்களையும் விழுங்கிப் பெருத்த மாநகராட்சி, 2025 செப்டம்பரில் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்தாயிற்று. ஐந்திற்கும் மேலே ஒரு பொது ஆணையம் உண்டு. தில்லியில் இல்லாதது இங்கே இருக்கிறது எனலாம். ஆனால் அவ்வாணையத்தின் தலைவர் மாநில முதலமைச்சர். மேலும், பழைய மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் தேர்தல் நடவாத நிலையிலேயே, உறுப்பினர் ஒருவர்கூட இன்றி, அப்பகுப்பு நிகழ்ந்தது. அங்காடி இருக்கிறது, அதன் திறவுகோல் அரண்மனையில் இருக்கிறது.

ஈண்டு ஒரு சொல்லின் வரலாறு நினைவுகூரத் தக்கது. உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தவை. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டு, குடத்தில் இட்ட ஓலைகளை ஒரு சிறுவன் எடுக்க, வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என அவை பல. உறுப்பினர் பணி 360 நாள் அளவே. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வர இயலாது. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை என்பதையும் உடன் சொல்லாவிடில் அது அரை உண்மையாகும். ஏரியில் மண் எடுத்தவர் ஏரி வாரியத்தில் அமரவில்லை.

அந்த ‘வாரியம்’ என்ற சொல்லே இன்றும் வாழ்கிறது. குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம், 1970இல் தோன்றி இப்போது பெயர் மாறியுள்ள குடிசை மாற்று வாரியம் என அதற்கு வழக்கு மிகுதி. ஊரார் தம்முள் தேர்ந்த குழுவைக் குறித்த சொல், ஊரார் தேர்ந்தெடுக்காத மாநில நிறுவனத்தைக் குறிப்பதாயிற்று. சென்னையின் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் அத்தகைய வாரியத்தின் கையில் உள்ளன. நகரமைப்பு, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில் உள்ளது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் எல்லை 2022இல் 5,904 ஆக விரிந்தது. மாமன்றத்தில் எஞ்சியிருப்பது என்ன என்று நோக்கினால், பகுப்பதற்கே அங்கு அதிகம் இல்லை என்பது தெரியவரும். பெரிய மன்றமாயினும் சிறிய மன்றமாயினும், ஏரியும் நிலமும் தன் வயமில்லாத மன்றம் தெருவிளக்கைப் பற்றியே விவாதிக்கும்.

மன்றமே இல்லாத ஆண்டுகளும் உண்டு. சென்னை மாமன்றம் 1973இல் கலைக்கப்பட்டு 1996இல்தான் மீண்டும் தேர்தலைக் கண்டது. 2016 அக்டோபரில் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. தனி அலுவலரின் ஆட்சி. தமிழ்நாட்டின் சிறு நகராட்சிகளும் அக்காலத்தில் மன்றமின்றியே இருந்தன. ஆகவே பகுத்தல் இந்நோய்க்கு மருந்தாகாது.

பகுக்கலாமா என்னும் வினாவிற்கு, எதைப் பகுப்பது என்று கேட்டே விடை கூற வேண்டியுள்ளது. குப்பை வாருதல், தெரு, விளக்கு, பூங்கா, தொடக்கப்பள்ளி, சிறு மருத்துவமனை என அன்றாடம் மக்கள் முகம் பார்த்துச் செய்ய வேண்டியவற்றை ஆலந்தூர் அளவிலான மன்றங்களுக்குத் தருதல் வேண்டும். வரி விதிக்கவும் கடன் பெறவும் உரிமையோடு தருதல் வேண்டும். ஏரி, வடிகால், சதுப்பு நிலம், கழிவுநீர், குப்பைக் கிடங்கு, ஏழையர் குடியிருப்பு ஆகியவை பகுக்கப்படலாகா. அவற்றை ஆளும் மேல்மன்றத்தை மக்களே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் தரும் வரியைச் சோழிங்கநல்லூர் மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணூர்ப் புகையை ஏற்கும் கத்திவாக்கம் தன் வரியில் வாழ்க என்பது தில்லியை மீண்டும் நடத்துவதாகும். பெரு வணிக வரியில் ஒரு பங்கு பொதுவில் சேர்ந்து தலைக்கணக்கில் பகிரப்படுதல் இன்றியமையாதது. இவ்விடத்தில் பகுப்பை ஆதரிப்போரே தயங்குவர். தயக்கம் எங்கே தோன்றுகிறதோ அங்கேதான் அவர்கள் கேட்பது தன்னாட்சியா, தனிச்சொத்தா என்பது வெளிப்படும்.

இதற்குப் புதிய சட்டத் தத்துவம் தேவையில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரப் பகுதிகளுக்குத் திட்டக்குழு வேண்டும் என்றும், அதன் உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் உள்ளாட்சியினரால் தம்முள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. சென்னையைச் சுற்றி 2019இல் ஆவடியும் 2021இல் தாம்பரமும் தனி மாநகராட்சிகள் ஆகிவிட்டன. ஒட்டிக் கிடக்கும் மூன்று மாநகராட்சிகளின் நடுவே பாயும் அடையாறும் கூவமும் ஒரே மேசையில் பேசப்படவேண்டிய நிலை வந்துவிட்டது.

ஆலந்தூர் இன்று சென்னையின் 12ஆம் மண்டலம். மண்டலக் குழு உண்டு. அதற்குத் தலைவரும் உண்டு. வரி விதிக்கவோ, கடன் பெறவோ, ஐயாயிரம் ரூபாய் தருக என்று வீட்டாரைக் கேட்கவோ அக்குழுவிற்கு உரிமையில்லை. அவ்வீட்டார் தந்த பணத்தில் இட்ட குழாய்கள் அத்தெருக்களின் அடியில் கிடக்கின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு இப்போது வாரியத்தினுடையது.